மீன் எங்கே

ஃபஹாஹீலில் ஆகஸ்டு மாதம்
பச்சைத் தண்ணீர்க் குழாயில் வெந்நீர் வரும்.
மொட்டைமாடித் தொட்டி அப்படிக் காய்ந்து கிடக்கும்.
கீசரை அணைத்துவிட்டு
வெந்நீர்க் குழாயைத் திறந்தால்
கை வைக்கிற மாதிரி ஏதோ வரும்.
இந்த ஊரில் நான் முதலில் கற்ற பாடம்.

அதைத்தான் பிடித்தேன், சின்ன வாளியில் பதினொன்று.
நேற்றுவரை கடலாக இருந்து
உப்பைக் கழற்றிக் கொடுத்துவிட்டு
குளோரின் வாசத்தோடு வந்த தண்ணீர்.
மருந்து விட்டு நெடியை அடக்கினேன்.

கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவே
அறுபது லிட்டர் கண்ணாடி.
கருமண். இரண்டு கல்.
வேர்க்கட்டையில் தையல் நூலால் கட்டிய அனுபியாஸ்;
தண்டைப் புதைத்தால் அழுகிவிடுமாம்,
தானே பிடித்துக்கொள்ளும்வரை கட்டித்தான் வைக்க வேண்டும்.
பின்னால் வாலிஸ்நேரியா,
முன்னால் நான்கு கிரிப்டோகரைன்.

"மீன் எங்கே?" என்றாள் ஆக்னஸ்,
அறையின் மறுபாதிக்கு வாடகை தருபவள்.
"நாற்பது நாள் ஆகும்."
"என்ன, அடைகாக்கப் போறியா?"
"ஆமாம். தண்ணீரை."

தினமும் ஊசியில் அளந்து
கொஞ்சம் அம்மோனியா விடுகிறேன்.
இல்லாத மீனின் மூத்திரம் என்று விளக்கினேன்.
ஆக்னஸ் சிலுவை போட்டுக்கொண்டாள்.

பகலெல்லாம் ஆஸ்பத்திரி லேபில்
யார் யாரோ ரத்தம், யார் யாரோ சிறுநீர்.
ராத்திரி வீட்டுக்கு வந்து
மறுபடி சோதனைக் குழாய், மறுபடி சொட்டு,
ஐந்து நிமிடம் சுவரைப் பார்த்தல்.
மஞ்சள் என்றால் ஒன்றுமில்லை. பச்சை என்றால் விஷம்.
பச்சை. பச்சை. பச்சை.
இந்த நோயாளிக்கு மட்டும்
ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட ஆளில்லை.

ஒன்பதாம் நாள் கிரிப்டோகரைன் கரைந்தது.
இலை முதலில் கண்ணாடியாகி,
பிறகு கூழாகி, விரல் பட்டால் பிரிந்தது.
"செத்துப்போச்சு, பிடுங்கிப் போடு."
தண்ணீர் மாறினால் இலையை விட்டுவிடும்,
வேரை விடாது என்றேன்.
"நம்மள மாதிரியே," என்று ஆரம்பித்தாள்.
"சும்மா இரு. அது செடி."
கூழை மட்டும் வழித்தெடுத்தேன்.

பதினெட்டாம் நாள் முதல் குழாய் மஞ்சள்.
துள்ளி எழுந்தேன்; இரண்டாம் குழாய் ஊதா.
அம்மோனியாவைத் தின்பவர்கள் வந்துவிட்டார்கள்.
அவர்கள் வைத்துப்போன நைட்ரைட்டைத் தின்ன
இன்னும் யாரும் வரவில்லை.
இருபத்தைந்து, ஊதா.
முப்பத்தொன்று, ஊதா.
"தவக்கால அங்கி நிறம்," என்றாள் ஆக்னஸ்,
இப்போதெல்லாம் அவளும் குழாயைக் குலுக்குகிறாள்.

முப்பத்தாறாம் நாள்
அழுக்குத் தண்ணீர் வாளியோடு லிஃப்டில் நின்றேன்.
நாலாம் மாடி மரிவிக்
வாளியைப் பார்த்தாள், மிதந்த இலையைப் பார்த்தாள்,
"சைக்கிளிங்?" என்றாள்.
ஐந்து வருடமாக அதே லிஃப்ட்,
அன்றுதான் முதல் வார்த்தை.

மறுநாள் விடியலில் கதவைத் தட்டி
ஒரு லபன் பாட்டிலை நீட்டினாள்.
உள்ளே கறுப்புத் தண்ணீர்:
மூன்று வருடம் ஓடிய அவள் ஃபில்டர் பஞ்சை
பிழிந்து எடுத்த சாறு.
ஊற்றியதும் தொட்டி சாக்கடை ஆனது.
இத்தனை அழுக்கை
எனக்கு யாரும் பரிசாகத் தந்ததில்லை.
பாட்டிலைக் கழுவி, லட்டு போட்டுத் திருப்பிக் கொடுத்தேன்.

நான்காம் இரவு இரண்டாம் குழாய்
வான நீலம்.
ஆக்னஸ் டியூப்லைட் அடியில் ஒருதரம்,
ஃபோன் வெளிச்சத்தில் ஒருதரம் பார்த்தாள்.
அம்மோனியா விட்டு ஒரு நாள் கழித்து மறுபடி பார்த்தோம்.
மஞ்சள். நீலம்.
கருமண்ணிலிருந்து சுருண்ட ஓர் இலை,
கொசுச் சிறகளவு.

வெள்ளிக்கிழமை கடை நாலரைக்குத்தான் திறந்தார்கள்.
அதுவரை ஷட்டர் நிழலில் இருவரும்.
ஆறு டெட்ரா, ஒரு பை,
பையைச் சாப்பாட்டுப் பைக்குள் வைத்து
பஸ் முழுக்க மடியில் பிடித்திருந்தேன்.

பை இப்போது தண்ணீரில் மிதக்கிறது.
இருபது நிமிடம். விளக்கு அணைத்தாகிவிட்டது.
"இவ்ளோ குட்டியா?" என்கிறாள் ஆக்னஸ்.
ஆமாம், இவ்ளோதான்.